ஒரு பாறைக்கு ஒரு ஆள்

போன மாதம் எங்கள் பழைய முகாமிலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவர். கையில் வழவழவென்று ஒரு விளம்பரத் தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு விடுதி. அங்கே ஆட்களை ஒரு மணி நேரம் கைபேசி இல்லாமல், பேச்சு இல்லாமல், ஆளுக்கொரு மரத்தடியில் தனியாக உட்கார வைக்கிறார்களாம். கூட்டம் அலைமோதுகிறதாம்.

"புதுசா வந்த ஐடியாவாம் சார். நம்ம முகாம்லயும் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறாங்க. உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி கையில் கரண்டியோடு உள்ளிருந்து ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும். "அந்தக் கொடி கதையா? சொல்லிடாதீங்க, அந்தத் தம்பி வேலைய விட்டுடப் போகுது" என்றாள். தம்பியோ, சொல்வதை விட எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார். எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் பி.ஏ. வரலாறு. அதன்பிறகு ஓராண்டு உடற்கல்விப் பயிற்சி. பதினாறு விதமான கயிற்று முடிச்சுகள் கற்றுக்கொண்டேன். அவற்றில் மூன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றை மட்டும் அவிழ்க்கத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான் என்பதால், எந்தப் படிப்பு நல்ல படிப்பு என்று சொல்ல ஆள் கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் 'வெளிப்புறக் கல்விப் பயிற்றுநர், தற்காலிகம்' என்று தட்டச்சு செய்த கடிதம் வந்தது. கல்வி என்ற சொல் அதில் இருந்ததால் சேர்ந்துவிட்டேன்.

கோவிலம்பாக்கத்தைத் தாண்டி, முட்புதரும் கரும்பாறையுமாகக் கிடந்த காட்டோரத்தில் இருந்தது முகாம். ஓர் அறக்கட்டளை நடத்தியது. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து இருபது, முப்பது பிள்ளைகளாக வருவார்கள். மலையேற்றம், கயிறு, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல் என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்து அனுப்புவோம்.

என் அப்பாவுக்கு இது வேலையாகவே படவில்லை. அவர் பல்லாவரம் மலையடிவாரக் கல்குவாரியில் வேட்டு வைக்கும் மேஸ்திரி. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்துப் பற்றவைப்பவர். தினமும் மலை ஏறி இறங்குபவர். முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னா வேலடா குடுத்தாங்க?"

"பசங்களுக்குப் பாறை ஏறச் சொல்லித் தரணும்பா."

"ஏறி?"

"இறங்கணும்."

"கல்லு எதுனா எடுத்துகினு எறங்குவாங்களா?"

"இல்லப்பா. சும்மாதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அன்று அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

முகாமின் வார்டன் அருளப்பன் சார். சாரணர் இயக்கத்தில் வளர்ந்து, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை. அதன் மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம். கழுத்தில் விசில். யாரையும் திட்டமாட்டார். 'நல்லது' என்பார், அவ்வளவுதான். அதில் மூன்று சுருதி உண்டு. முதல் சுருதியில் சொன்னால் உண்மையிலேயே நல்லது. இரண்டாவதில் சொன்னால் சாயங்காலத்துக்குள் சுற்றறிக்கை வரும். மூன்றாவதை நான் அதுவரை கேட்டதில்லை. தண்ணீர்த் தொட்டி இடிந்து விழுந்த அன்று ஒரு தடவை கேட்டதாகச் சமையல்காரர் காசிம் பாய் சொல்வார். சொல்லும்போதே தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அருளப்பன் சாரின் நடைமுறைகளில் தலையாயது தலை எண்ணுவது. காட்டுக்குள் போகும்முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. பிள்ளைகள் இரண்டிரண்டாக நிற்க வேண்டும். சார் ஒரு சுற்றறிக்கையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் தட்டி, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் வாய்விட்டு எண்ணிப் போவார். நான் அவர் எண்ணுவதைக் கேட்காத தூரத்தில் திரும்பி நிற்க வேண்டும். அவர் முடித்ததும் நான் பின்னாலிருந்து முன்னால் மனதுக்குள் எண்ண வேண்டும். பிறகு ஆளுக்கொரு சிலேட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் காசிம் பாய் டீ ஊற்றலாம். ஒத்துப்போகாமல் டீ ஆறிப்போன நாட்கள் உண்டு. ஆனால் நான் இருந்த காலம் முழுக்க ஒரு பிள்ளை தொலைந்ததில்லை.

நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, அறக்கட்டளை நார்வேயிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. சிக்ரிட் மிஸ். ஆறடி உயரம், தும்பைப்பூ நிறத்தில் முடி, தங்கியிருந்த நாலு மாதமும் ஒரே ஜோடி செருப்பு. அவர் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சும்மா விட்டுவிடுவார்களாம். முடிச்சு கிடையாது, மார்க் கிடையாது. கைக்குழந்தையைக்கூடப் பனியில் வெளியே வண்டியில் போட்டுத் தூங்க வைப்பார்களாம். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது காசிம் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே சொல்ற? நாங்க கோயிக்குஞ்சக்கூட வெளிய வுடமாட்டோமே. அந்த ஊர்ல தாயிங்கல்லாம் இன்னா பண்ணிகினு இருப்பாங்க?"

"உள்ள காப்பி குடிப்பாங்களாம் பாய்."

"அல்லாவே" என்றார் பாய்.

அந்த நாலு மாதத்தில்தான், வெளியே போவது என்பது ஊருக்கு ஊர் எவ்வளவு வேறு என்று எனக்குப் புரிந்தது. அருளப்பன் சாருக்குக் காடு ஒரு பரீட்சை மண்டபம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்து, விறைப்பாகப் போய், எதையாவது கட்டி, எதையாவது கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழி அது. சிக்ரிட் மிஸ்ஸுக்குக் காட்டில் செய்ய வேண்டியது என்று எதுவுமே இல்லை. இருந்தாலே போதும், அதுவும் தனியாக. எங்கள் தெருவிலோ வெளியே போவதென்றால் காணும் பொங்கல்தான். லாரி பிடித்து, புளிச்சோறு, பாய், தலையணை, ஸ்டவ், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு அத்தைகள் என்று தெருவையே தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், அங்கே தெருவை மறுபடி விரித்து உட்காருவோம். காசிம் பாய் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை கோவளம் தர்காவுக்குப் போவார்கள். பிரியாணி தேக்சா ஒரு ஆட்டோவில் வரும். மனிதர்கள் அதன் பின்னால் பஸ்ஸில் வருவார்கள். ஒரு மனிதன் வேண்டுமென்றே தனியாகப் போய் உட்காருவது என்ற வழக்கம் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கிடையாது. அப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இதை நான் சிக்ரிட் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் இருந்தது. அவர் ஊருக்குத் திரும்பும்முன் 'தனிமைப் பயிற்சி' ஒன்றை நான் முன்னின்று நடத்த வேண்டும். அதைப் பார்த்து அவர் அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையைப் பொறுத்து அறக்கட்டளை என்னை நிரந்தரமாக்கும், அல்லது அனுப்பும். அப்பா சும்மா இருப்பாரா? குவாரி ஆபீசில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையை எனக்காக முதலாளியிடம் கேட்டு வைத்துவிட்டார். குவாரியிலேயே ஒரே பி.ஏ. நான்தான். வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "மின்விசிறிக்குக் கீய குந்திகினு எய்துற வேல. ஒன் புள்ள இன்னா பண்றான்னு கேக்குறவங்களுக்கு நானும் ஒரு வார்த்தைல பதில் சொல்லலாம்ல?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்குத்தான் அந்தக் காட்டைவிட்டுப் போக மனம் இல்லை.

முதல் தனிமைப் பயிற்சி செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. கீழ்க்கட்டளைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து இருபத்துநாலு பிள்ளைகள். பெரும்பாலும் குவாரித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஐம்பது தப்படிக்கு ஒருவர், ஆளுக்கொரு மரத்தடி, ஒரு மணி நேரம், வாயைத் திறக்கக் கூடாது. சிக்ரிட் மிஸ்ஸும் தன் பங்குக்குத் தனியாக இருக்கப் பாறையின் உச்சிக்கு ஏறிப்போய்விட்டார்.

பத்து நிமிடம் ஆனதும் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். முதல் மரத்தடியில் தேவகி என்ற பதினோரு வயதுப் பெண். அவள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா தனியா குந்திகினு கீற? வூட்ல எதுனா சண்டையா?"

தேவகி விதிப்படி வாயை மூடிக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள்.

"பாவம், பேச்சே வரல. எம்மாந் துக்கம் பாரு" என்று அந்த அம்மா அவள் தலையைத் தடவினாள். நான் விளக்கம் சொன்னேன். கேட்டுவிட்டு, "செரி வாத்தியாரே, அது பேசாம இருக்கட்டும். நான் சும்மா கூட குந்திகினு இருக்கேன். தப்பா?" என்றாள்.

அடுத்த மரத்தடியில் சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு பையனின் தோளில் கைபோட்டு, "ஃபெயிலானா இன்னாடா? நான்கூட மூணு வாட்டி ஃபெயிலு. இப்போ கல்யாணம் ஆவலையா?" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மரத்தடியில் ஐஸ் வண்டிக்காரர். அதற்கும் அப்பால், பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்திருந்த தாய்மார்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பேசக்கூடாதுன்னுதான சொன்னாரு, துன்னக்கூடாதுன்னா சொன்னாரு?" என்று ஊட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையும் விரட்ட எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் நல்லதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் முடிந்து சார் விசில் ஊதினார். எல்லாரும் வந்து இரண்டிரண்டாக நின்றார்கள். சார் சுருட்டிய சுற்றறிக்கையோடு முன்னாலிருந்து எண்ணினார். நான் பின்னாலிருந்து எண்ணினேன். சிலேட்டைத் திருப்பினோம். இருவரும் எழுதியிருந்தது நாற்பத்தொன்று.

"மிஸ்டர் ஏகாம்பரம், போகும்போது எத்தனை?"

"இருபத்துநாலு சார்."

சார் வரிசையை மறுபடி பார்த்தார். ஐஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அவர் தலையிலும் சுற்றறிக்கை பட்டிருந்தது.

"நல்லது" என்றார். இரண்டாவது சுருதி.

உச்சியிலிருந்து இறங்கி வந்த சிக்ரிட் மிஸ் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு என்னிடம், வெள்ளிக்கிழமை மறுபடி வரவழைத்து இன்னொரு தடவை பார்ப்போம், இந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே ஒரு தடவையாவது தனியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றார். அதன்பிறகு அறிக்கை எழுதிவிடுவாராம்.

மூன்று நாள் யோசித்தேன். சுற்றறிக்கை ஒட்டினால் படிக்க ஆளில்லை. காவல் போட்டால் காவல்காரனே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். எங்கள் வட்டாரத்தில் மனிதன் கால் வைக்கத் தயங்கும் ஒரே இடம் எது? வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பரணைப் பார்த்தேன். அங்கே அப்பாவின் கொடிகள் நாலும் சுருட்டியபடி இருந்தன.

குவாரியில் வேட்டு வைக்கும்முன் நாலு திசையிலும் சிவப்புக் கொடி நடுவார்கள். கொடி நட்டால் முடிந்தது. பஸ்காரன் வண்டியை நிறுத்துவான், ஆட்டுக்காரி ஆட்டைத் திருப்புவாள், கல்யாண ஊர்வலம்கூட நின்றுவிடும். பல்லாவரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் அந்தத் துணிக்கு இருந்த மரியாதை எந்தத் துணிக்கும் கிடையாது. இத்தனைக்கும் அது அம்மாவின் பழைய பாவாடையில் கிழித்தது.

அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தரமாட்டார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. விடிந்ததும் நாலையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை காட்டின் நாலு பக்கமும் கொடி நட்டுவிட்டு, பிள்ளைகளை நிற்க வைத்துச் சொன்னேன். "கொடியப் பாத்து யாரும் பயப்பட வேணாம். ஆளுங்க உள்ள வராம இருக்கச் சும்மா நட்டிருக்கேன். வேட்டு எதுவும் இல்ல."

தேவகி கையைத் தூக்கினாள். "யாரு சார் நட்டது?"

"நான்தான்."

"வேட்டு வைக்க ஒங்களுக்கு லைசென்ஸ் கீதா சார்?"

"இல்ல."

"அப்போ ஒங்களுக்கு எப்பிடி சார் தெரியும், வேட்டு இல்லன்னு?"

மற்ற பிள்ளைகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான், நேரமாகிறது போங்கள் என்றேன். போனார்கள். வழக்கமான கூச்சல் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுக்குள் ஓர் ஈ, எறும்பு நுழையவில்லை. வெளியே சாலையில்தான் திருவிழா. கொடியைப் பார்த்து ஒரு டவுன் பஸ் நின்றது. அதன் பின்னால் இரண்டு லாரி. இறங்கியவர்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நடத்துநர் அருளப்பன் சாரிடம் வந்து, "எப்போ சார் வெடிக்கும்?" என்று கேட்டார். சார் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. "உரிய நேரத்தில்" என்றார். காசிம் பாய் பிள்ளைகளுக்காக வைத்திருந்த சுண்டலைப் பஸ் பயணிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. சார் விசில் ஊதினார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார். காற்றுதான் வந்தது. சார் ஆளில்லாத மைதானத்தில் சுருட்டிய சுற்றறிக்கையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். நடைமுறை நடைமுறைதான். நானும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தேன். சிலேட்டைத் திருப்பினோம். இரண்டிலும் பூஜ்யம்.

"ஒத்துப்போச்சே, டீ ஊத்தலாமா?" என்றார் காசிம் பாய்.

"நல்லது" என்றார் சார். பாய் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது மூன்றாவது சுருதி.

காட்டுக்குள் ஓடினேன். மரத்தடியில் ஒருவரும் இல்லை. "தேவகி!" என்று கத்தினேன்.

"குனிங்க சார்! குனிங்க!" என்று ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. தேவகி தரையோடு தரையாகப் படுத்திருந்தாள். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள். நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு பாறைக்கு ஒரு ஆளுதான் சார். அந்தாண்ட போங்க."

தவழ்ந்து அடுத்த பாறைக்குப் போனேன். அங்கே ஒரு பையன். அவனும் விரட்டினான். மூன்றாவது பாறைதான் காலியாக இருந்தது. அதன் பின்னால் படுத்துக்கொண்டு, "ஏம்மா, விசில் அடிச்சப்பறமும் வரல?" என்று கேட்டேன்.

"விசிலு அடிச்சாங்க, வேட்டு போடல. அப்போ குழி வெடிக்காம கீதுன்னு அர்த்தம். அர மணி நேரம் அசையக் கூடாது. ஒங்கப்பா மேஸ்திரிதான சார், ஒங்களுக்குச் சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்திருந்தார். நடக்கப் பழகியபோதே சொல்லித் தந்திருந்தார். இருபத்துநாலு பிள்ளைகளுக்கும் அவரவர் அப்பாக்கள் சொல்லித் தந்திருந்தார்கள். நான் ஊருக்குக் கொடி நட்டேன். பிள்ளைகளும் அந்த ஊர்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. வெடிக்கவே போகாத வேட்டுக்காக அவர்களை எவ்வளவு நேரம் படுக்க வைக்க முடியும்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எழுந்திருக்க எனக்கே தைரியம் வரவில்லை.

அப்போது சாலைப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "என் கொடிய எவன்டா இங்க நட்டான்?"

காலையில் கொடி காணாமல் குவாரியில் வேலையே நின்றுவிட்டிருந்தது. கொடி இல்லாமல் அப்பா திரி கொளுத்தமாட்டார். கோவிலம்பாக்கம் பக்கம் கொடி நட்டிருக்கிறது என்று லாரிக்காரன் ஒருவன் போய்ச் சொல்ல, சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். அருளப்பன் சார் அவரிடம் நிலைமையை விளக்கியதை, பாறைக்குப் பின்னால் படுத்தபடியே கேட்டேன்.

"அப்படியானால் கொடிகளை எடுத்துவிடுங்களேன். பிள்ளைகள் வந்துவிடுவார்கள்" என்றார் சார்.

"அதெப்படி சார்? நட்ட கொடிய வேட்டு போடாம புடுங்குனா, நாளைக்கு நெசமா நட்டா எவன் சார் நிப்பான்? எதுனா ஒண்ணு வெடிச்சே ஆவணும்."

சாரின் குரல் கேட்டது: "நீங்கள் சொல்வது மிகச் சரியான நடைமுறை." முதல் சுருதியில் ஒரு 'நல்லது' வேறு சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் சரியாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சமையல்கட்டுக்கு வரும் பன்றிகளை விரட்டக் காசிம் பாய் தீபாவளி அணுகுண்டு வெடிகள் வைத்திருந்தார். அப்பா அதில் ஒன்றை வாங்கி, காலி மைதானத்தின் நடுவில் மண்ணைக் குவித்து வைத்தார். சார் மூன்று தடவை நீளமாக விசில் ஊதினார். அப்பா வாயில் கையைக் குவித்து, "ஒரே குழீ! ஒண்ணே ஒண்ணூ!" என்று குரல் கொடுத்தார். டமார் என்றது. புகை அடங்கியதும், வேட்டு முடிந்தது என்பதற்கு அடையாளமாக "ஆச்ச்சூ!" என்றார்.

பாறைகளுக்குப் பின்னாலிருந்து தலைகள் ஒரே சமயத்தில் எழுந்தன. பஸ்காரர்கள் கைதட்டினார்கள். சார் இருந்த இடத்திலிருந்தே விரலை நீட்டி எண்ணினார்.

"இருபத்தைந்து?"

"ஒண்ணு நான் சார்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அந்நிய மனிதர்கள் முன்னால் அவர் என்னைத் திட்டியதில்லை.

அன்றும் பாறை உச்சிக்கு ஏறியிருந்த சிக்ரிட் மிஸ் இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. மேலிருந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இருபத்துநாலு பிள்ளைகள், ஆளுக்கொரு பாறை, ஒன்றரை மணி நேரம், ஓர் அசைவு இல்லை. அவர் நாட்டில்கூட இப்படிப் பார்த்ததில்லையாம். முடிவில் அந்தச் சத்தம் என்ன, உள்ளூர்ச் சடங்கா என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளைப் பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். சிக்ரிட் மிஸ் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். என்னென்ன கேட்டீர்கள் என்பது முதல் கேள்வி. பிள்ளைகள் அடுக்கினார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியது. எங்கோ துணி துவைத்தது. சருகின்மேல் ஓணான் நடந்தது. "என் நெஞ்சு அடிச்சது மிஸ். வேற யாரோ நடந்து வராங்கன்னு நெனச்சிட்டேன்" என்றாள் தேவகி. நான் சொல்லச் சொல்ல சிக்ரிட் மிஸ் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த ஒரு பக்கம் போதும், நான் நிரந்தரம்.

பிறகு தேவகியிடம் கேட்டார்: அவ்வளவு நேரம் மனதில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

"வேட்டு எப்போ வெடிக்கும்னு நெனச்சிகினு இருந்தேன் மிஸ்."

சிக்ரிட் மிஸ் பேனாவோடு என் வாயைப் பார்த்தார். அருளப்பன் சார் இருமினார். தமிழில், மெல்ல, "மிஸ்டர் ஏகாம்பரம், மொழிபெயர்ப்பில் ஓரளவு சுதந்திரம் உண்டு" என்றார். தேவகியும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளிடம் வேட்டு இல்லை என்று ஒரு தடவை சொல்லியாயிற்று. அவள் அதை நம்பவில்லை. இப்போதும் வேறு எதையாவது சொன்னால், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது.

"மேடம், ஷி வாஸ் வெயிட்டிங் ஃபார் தி பாம்" என்றேன்.

கொடியிலிருந்து பன்றி வெடி வரைக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்ரிட் மிஸ் நோட்டை மூடிவிட்டார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எழுந்து போய், கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த என் அப்பா முன்னால் நின்றார். இப்படிப் பாறைக்குப் பின்னால் எத்தனை தடவை இருந்திருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

"தெனம் ரெண்டு வாட்டி. முப்பது வருசமா" என்றார் அப்பா.

அப்போது உங்களுக்கு என்ன கேட்கும்?

இதை அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கொடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மொதல்ல காக்கா கத்துறது நிக்கும். அப்பறம் அணிலு. அப்பறம் என் மூச்சு கேக்கும். அதுக்கப்பறம் ஒண்ணும் கேக்காதும்மா. இவன் மூஞ்சிதான் தெரியும். இவன் இஸ்கூல்ல குந்திகினு இன்னா படிச்சிகினு இருப்பான்னு தோணும். ரெண்டு குழி வெடிக்கிற வரைக்கும் அதத்தான் நெனச்சிகினு இருப்பேன். இல்லன்னா பயமா இருக்கும்ல?"

சிக்ரிட் மிஸ் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் கையிலிருந்த கொடியை வாங்கிச் சுருட்டினேன்.

"ஹி ஹியர்ஸ் பேர்ட்ஸ்" என்றேன்.

அறிக்கை பதினைந்து நாள் கழித்து வந்தது. அருளப்பன் சார் நின்றபடியே வாசித்தார். தனிமைப் பயிற்சி இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, அப்படியே நடத்தப் பரிந்துரைக்க முடியாது என்று முதலிலேயே இருந்தது. கொடியை இனி யாரும் தொடக் கூடாது என்றும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'இந்தப் பயிற்றுநர் தனக்குப் பாதகமானதைக்கூட உள்ளபடி மொழிபெயர்க்கிறார்; இவரை வைத்துக்கொள்ளுங்கள்.' சார் முதல் சுருதியில் 'நல்லது' என்றார். அந்த வரியின் பலத்தில்தான் நான் முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தேன். தனிமைப் பயிற்சியையும் பிறகு எங்கள் வழியில் நடத்தினோம்: பிள்ளை பேசாமல் உட்காரும், யாராவது ஒரு பெரியவர் பத்தடி தள்ளித் தானும் பேசாமல் உட்காருவார். ஆடு மேய்த்த அந்த அம்மா பல வருடம் எங்களுக்கு அப்படி உட்கார்ந்தார். இளைஞரே, ஆரம்பிப்பதானால் அப்படி ஆரம்பியுங்கள்.

ஆனால் அந்த அறிக்கையின் கடைசி வரி முழு உண்மை இல்லை. அது எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். கீழ்க்கட்டளை ஏரியைத் தாண்டினோம். கொடிகள் என் மடியில் இருந்தன.

"ஒன் வேல எனுக்கு இன்னிக்கிதான்டா கொஞ்சம் வெளங்கிச்சு" என்றார். "அந்த ஆபீஸ் வேலைக்கி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி மொதலாளி கையில சொல்லிடுறேன்."

"அந்தம்மா என்ன எழுதுவாங்களோ தெரியலப்பா."

"எய்துனத எய்தட்டும்." இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார். "ஏன்டா, நான் அவ்ளோ நீட்டா சொன்னேனே. நீ மூணு வார்த்தைல முடிச்சிட்ட?"

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"இங்கிலீஷ்ல அவ்ளோதான்பா வரும்."

அப்பா ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். "சின்ன பாசையா கீதே" என்றார்.